பூஞ்சை எண்ணும் பெட்டிக்கே பூஞ்சை பிடித்திருந்தது

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனால் நல்லது எதுவும் மிஞ்சாது என்று பினாங்கில் பொருள் பொறுக்கும் எல்லாருக்கும் தெரியும். நான் அன்றைக்கு பசியாறிவிட்டு நிதானமாகப் போனதே பத்தரைக்குத்தான். தார்ப்பாயில் பரப்பியிருந்த ரைஸ் குக்கர், ரிமோட், துருப்பிடித்த ஸ்பானர்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. மேலே கட்டைவிரல் தடிமனில் ஒரு ஸ்டீல் குழாய், முன்னால் சின்னத் திரை. கடைக்காரர் அதை வோல்டேஜ் ஸ்டெபிலைசர்களோடு அடுக்கி வைத்திருந்தார்.

"அண்ணே, இது என்னா?"

"அது டாக்டர் மெஷின் தம்பி. நூறு வெள்ளி."

"வயரே இல்லையே அண்ணே."

"வயர் இருந்தா முன்னூறு சொல்லியிருப்பேன்."

அறுபது வெள்ளிக்கு, அதாவது அறுபது ரிங்கிட்டுக்குப் படிந்தது. அவர் சொன்ன டாக்டர் மெஷினும் இல்லை, ஸ்டெபிலைசரும் இல்லை. அந்தக் குழாயைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பாயான் லெப்பாஸில் மருத்துவப் பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருடம் கிளீன்ரூம், அதாவது தூசியும் கிருமியும் புகாமல் காக்கும் அறையின் டெக்னீஷியனாக இருந்தவன் நான். அங்கே காற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அகார் என்ற கடல்பாசிக் கூழை ஊற்றிய தட்டின் மேல் காற்றை மோதவிட்டு, இன்குபேட்டரில் வைத்து, மூன்று நாள் ஐந்து நாள் காத்திருந்து, முளைத்த புள்ளிகளை எண்ணுவது. இன்னொன்று இந்த மாதிரிப் பெட்டி, உறிஞ்சிய நொடியிலேயே எண்ணிக்கை சொல்லிவிடும். புதிதாக வாங்கினால் என் காரை விற்றாலும் கட்டாது.

வாங்கியதற்குக் காரணம் அம்மாவின் அறை. எங்கள் வீடு பாயா தெருபோங்கில், மலையடிவாரத்து அடுக்குமாடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் அலமாரியில் இருக்கும் தோல் செருப்பு ஒரே வாரத்தில் பச்சை பூத்துவிடும். அம்மாவுக்கு விடிகாலையில் இருமல். மருந்தை டாக்டர் பார்த்துக்கொள்கிறார், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்த அறைக் காற்றில் என்ன பறக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஆசை, கையில் கருவி வேறு மாட்டிவிட்டது.

பெட்டி வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து புரியாது. உயிருள்ளவற்றின் உடம்பில் சில பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஊதா ஒளி பட்டால் அதை விழுங்கிக்கொண்டு, கொஞ்சம் நீளமான அலையில், நீலமாகவோ பச்சையாகவோ ஒளியைத் திருப்பித் தரும். டானிக் வாட்டரை ஊதா விளக்கில் காட்டினால் நீலமாக மினுங்கும் பாருங்கள், அதில் இருக்கும் குயினைன் செய்கிற அதே வேலைதான். 1852-ல் ஸ்டோக்ஸ் இதற்கு ஃபுளோரசன்ஸ் என்று பெயர் வைத்தார். நாம் ஒளிர்வு என்றே வைத்துக்கொள்வோம். செல்லுக்குள் இருக்கும் என்ஏடிஹெச் என்ற பொருள் 340 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே ஒளியை வாங்கி 460 அருகே நீலமாக விடும். ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், 370 அருகிலும் 450 அருகிலும் வாங்கி 530 அருகே பச்சையாக விடும். புரதத்தில் இருக்கும் டிரிப்டோஃபானுக்கு 280 வேண்டும், அந்த அலைநீளத்தில் ஒளி தருவது செலவான காரியம். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழகத்தில் உருவான விப்ஸ் என்ற ஆராய்ச்சிக் கருவியில் ஸீனான் ஃபிளாஷ் விளக்கு இரண்டு வைத்து 280, 370 இரண்டையும் அடிக்கிறார்கள். என் பெட்டியில் இருப்பது 405 நானோமீட்டர் லேசர் டயோட், புளூரே பிளேயரில் தட்டைப் படிக்கும் அதே ஊதா, அதனால்தான் மலிவாகக் கிடைக்கிறது. என்ஏடிஹெச்சுக்கு 405 என்பது வாசல்படி ஓரம் மாதிரி, லேசாகத்தான் எட்டும். ரைபோஃபிளேவினுக்குப் பரவாயில்லை.

காற்றை நூல் மாதிரி மெல்லிசாக ஓடவிட்டு அந்த லேசருக்குக் குறுக்கே அனுப்புகிறார்கள். ஒரு துகள் கடக்கும்போது லேசர் ஒளி சிதறும், அதை ஒரு டிடெக்டர் பார்த்து அளவைக் கணிக்கும். அதே கணத்தில் துகள் ஒளிர்ந்தால், முட்டை ஓட்டை அறுத்த மாதிரி இருக்கும் ஒரு கண்ணாடியும் ஒரு லென்ஸும் அந்த ஒளியைத் திரட்டி இரண்டு ஃபோட்டோமல்டிப்ளையருக்கு, அதாவது துளி ஒளியையும் மின் சிக்னலாகப் பெருக்கும் குழாய்களுக்கு, அனுப்பும். ஒன்று நீலத்துக்கு, 430 முதல் 500 வரை. மற்றது பச்சைக்கும் மஞ்சளுக்கும், 500-க்கு மேல். சிதறலும் ஒளிர்வும் ஒரே நேரத்தில் வந்தால்தான் திரையில் உயிர்த்துகள் என்ற கணக்கில் ஒன்று கூடும். சும்மா தூசி என்றால் சிதறல் மட்டும்தான் வரும்.

கேட்க எளிதாக இருக்கும். ஒற்றைப் பூஞ்சை வித்து என்பது 2 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அது விடும் ஒளி கொஞ்சமே கொஞ்சம். அதைப் பிடிக்க உள்ளே கும்மிருட்டு வேண்டும். எனக்கு வந்த தொல்லையில் பாதி அந்த இருட்டைப் பற்றியதுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

24 வோல்ட் அடாப்டர் ஒன்றைப் பொருத்திப் போட்டதும் திரை எரிந்தது, உடனே காற்றோட்டப் பிழை என்று காட்டி நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பம்பைப் பார்த்தால் டயாஃப்ரம் ரப்பர் அப்பளம் மாதிரி வெடித்திருந்தது. அதே பம்ப் எங்கேயும் கிடைக்கவில்லை. இணையத்தில் வேறொரு 24 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் வாங்கி மாட்டினேன். ஓடியது, ஆனால் சீராக ஓடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் காற்று வெட்டி வெட்டி இழுத்தது, லேசருக்கு முன்னால் அந்தக் காற்று நூல் ஆடினால் எண்ணிக்கையும் ஆடும். பம்புக்கும் பெட்டிக்கும் நடுவே காலி மைலோ டின் ஒன்றை வைத்து, மூடியில் இரண்டு துளை போட்டு, குழாய் செருகி, சிலிக்கான் பூசி அடைத்தேன். டின்னுக்குள் இருக்கும் காற்று அந்த அடிகளை எல்லாம் வாங்கிக்கொள்ளும். பார்க்க லட்சணமாக இல்லை. வேலை செய்கிறது.

எவ்வளவு காற்று இழுக்கிறது என்று அளக்க நல்ல மீட்டர் என்னிடம் கிடையாது. அதற்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது, சோப்புக் குமிழி. உள்விட்டம் 5 சென்டிமீட்டர் உள்ள கண்ணாடி மாதிரியான பிவிசி குழாயில் 51 சென்டிமீட்டர் தூரத்துக்கு இரண்டு கோடு போட்டால் நடுவில் சரியாக ஒரு லிட்டர். கீழ் முனையைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு எடுத்து, மேல் முனையைப் பெட்டியின் குழாயோடு இணைத்தால், சோப்புப் படலம் மெதுவாக மேலே ஏறும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எத்தனை வினாடி என்று கைப்பேசியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குழாயின் உட்புறத்தை முதலில் நன்றாக நனைக்காவிட்டால் படலம் பாதி வழியில் உடைந்துவிடும். எனக்கு ஆறு தடவை உடைந்தது. படலம் பெட்டிக்குள் போய்விடாமல் முன்னாலேயே குழாயைப் பிடுங்கவும் மறக்காதீர்கள். 30 வினாடி வரும்வரை பம்பின் வோல்டேஜைக் குறைத்தேன், நிமிடத்துக்கு 2 லிட்டர். திரையில் பிழை மறைந்தது.

அடுத்து பெட்டியின் வாயில், துகள்களை வடிகட்டும் ஹெப்பா ஃபில்டரை மாட்டி ஓடவிட்டேன். சுத்தமான காற்று உள்ளே போனால் எண்ணிக்கை பூஜ்யமாக வரவேண்டும். சிதறல் பூஜ்யம்தான். ஆனால் ஃபில்டரைக் கழற்றி சாதாரண வீட்டுக் காற்றை விட்டாலும் ஒளிரும் துகள் ஒன்றுகூட வரவில்லை. மழைக்காலத்துப் பாயா தெருபோங்கில் ஒரு வித்துகூட இல்லை என்றால் அதை நம்ப நான் பச்சைக் குழந்தையா?

மின் சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை எடுத்து ஃபோட்டோமல்டிப்ளையர்களின் சிக்னலை நேராகப் பார்த்தேன். லேசரை அணைத்தால் கோடு தரையோடு இருந்தது. லேசரைப் போட்டால், ஹெப்பா மாட்டியிருக்கும்போதே, கோடு எகிறி மேலே போய் உட்கார்ந்துகொண்டது. காற்றில் துகளே இல்லாதபோது இந்த ஒளி எங்கிருந்து வருகிறது? உள்ளே அசையாமல் இருக்கும் ஏதோ ஒன்று ஒளிர்கிறது. இந்தக் கருவிகள் சுத்தமான காற்றில் வரும் பின்னணி ஒளியை அளந்து, அதன் சராசரிக்கு மேல் ஒரு வாசலை வைத்து, அதைத் தாண்டினால் மட்டுமே துகளாக எடுத்துக்கொள்ளும். பின்னணி உயர்ந்தால் வாசலும் உயரும், பாவம் சின்ன வித்துகள் எல்லாம் வெளியே நின்றுவிடும்.

திறப்பதற்கு முன் இரண்டு விஷயம். 405 லேசர் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், அதனால் பலம் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது, நம் கண்ணுக்கு அந்த ஊதா சரியாகப் பிடிபடவில்லை என்பதுதான் விஷயம். அந்த அலைநீளத்துக்கென்று இருக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். இரண்டாவது, ஃபோட்டோமல்டிப்ளையரில் உயர் மின்னழுத்தம் இருக்கும்போது அறை வெளிச்சம் பட்டால் கதை முடிந்தது. நான் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் திறந்தேன், ஆனால் மேசை விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். மின்சாரம் இல்லாமலேகூட வெளிச்சம் குடித்த குழாய் பல மணிநேரம் உளறும். அன்றைக்கு ராத்திரி முழுக்க மூடி வைத்து, மறுநாள்தான் சிக்னல் அடங்கியது. கொஞ்சம் பயந்துதான் போனேன்.

மறுநாள் டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு லென்ஸைச் சாய்த்துப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. ஒளிர்வைத் திரட்டும் லென்ஸின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள். பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்த நாட்டில் இது பழகின சங்கதி, டிரை கேபினெட் இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை ஓடும். பூஞ்சையை எண்ணுவதற்கென்றே செய்த கருவிக்குள், அதன் கண்ணிலேயே, பூஞ்சை குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. அந்த நூல்கள் தாமாகவும் ஒளிரும், லேசர் ஒளியைக் கண்டபடி சிதறடிக்கவும் செய்யும், இரண்டும் சேர்ந்துதான் கோட்டைத் தூக்கிவிட்டிருக்கிறது. போதாக்குறைக்கு மூடியைச் சுற்றியிருந்த கறுப்பு ஃபோம் ஈரத்தில் மக்கி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடியும் உள்ளே பரவிக் கிடந்தது.

லென்ஸுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு அம்மோனியாவும் சம அளவு கலந்து, லென்ஸ் காகிதத்தில் நனைத்து, ஐந்து நிமிடம் ஒத்தி எடுத்தேன், அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், வாடை மூக்கைப் பிளக்கும். நூல்கள் போய்விட்டன. ஒரு இடத்தில் மட்டும் கோட்டிங்கை அரித்த தடம் தழும்பு மாதிரி நிற்கிறது, அது இனி போகாது. இந்தக் கலவையை அந்த முட்டை ஓட்டுக் கண்ணாடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அலுமினியப் பூச்சு உரிந்து வரும். அதற்கு காற்று ஊதும் ரப்பர் பந்து, அப்புறம் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் காகிதத்தைக் கனமே கொடுக்காமல் ஒரே ஒரு முறை இழுத்துவிடுவது, அவ்வளவுதான்.

ஃபோமுக்குப் பதிலாக என்ன ஒட்டுவது என்பதில் ஒரு வாரம் போனது. கறுப்பு என்று நாம் நினைப்பதெல்லாம் ஊதா விளக்கில் கறுப்பாக இருப்பதில்லை. வெல்வெட் காகிதம் நார் உதிர்த்தது. ஒரு கறுப்பு டேப்பின் பசை நீலமாக மினுங்கியது. நான் ஊதா டார்ச்சும் கையுமாகத் திரிவதைப் பார்த்துவிட்டு அம்மா, "கறுப்புதானே வேணும்? நான் பண்ணின கண்மையைப் பூசுடா" என்றார். யோசனை மோசமில்லை, விளக்குப் புகை படிந்த கரியைப் போல ஒளியைக் குடிக்கும் பொருள் வீட்டில் வேறு கிடையாது. ஆனால் அம்மாவின் கண்மையில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். தகட்டில் தடவி டார்ச் அடித்துப் பார்த்தால் எண்ணெய் லேசாக நீலம் விட்டது. கடைசியில் கைவினைப் பொருள் கடையில் வாங்கிய கறுப்பு ஈவிஏ ஃபோம்தான் சோதனையில் தேறியது. அதையும் ஆல்கஹாலில் துடைத்துத்தான் ஒட்டினேன்.

மூடிப் போட்டதும் கோடு கிட்டத்தட்ட தரைக்கு வந்தது. ஹெப்பா மாட்டினால் பூஜ்யம், கழற்றினால் ஒளிரும் துகள்கள் ஒன்றும் இரண்டுமாக வரத் தொடங்கின. அன்றைக்கு ஒரு தே ஓ போட்டுக் குடித்துக்கொண்டே அரை மணிநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அளவை சரிபார்க்க வேண்டும். இதற்கென்று ஒளிரும் பிளாஸ்டிக் மணிகள் விற்கிறார்கள், சின்னக் குப்பியின் விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன். அம்மாவின் பழைய நெபுலைசர், அதாவது மூச்சில் இழுக்க மருந்தைப் புகையாக்கும் கருவி, ஒன்று சும்மா கிடந்தது. அதில் காருக்கு ஊற்றும் பேட்டரி தண்ணீரில் கரைத்த உப்பை ஊற்றி, ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் புகையவிட்டு, துளிகள் காய்ந்தபின் டின்னிலிருந்து பெட்டிக்கு இழுத்தேன். சிதறல் எண்ணிக்கை குவிந்தது, ஒளிர்வு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. உப்பு ஒளிராது, சரி. அடுத்து ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். ஈஸ்ட் செல் சுமார் 5 மைக்ரான், என்ஏடிஹெச்சும் ரைபோஃபிளேவினும் உள்ளே நிறைய. பாதிக்கும் கொஞ்சம் குறைவான துகள்கள் ஒளிர்ந்தன, நீலம், பச்சை என்ற இரண்டு சேனலிலும், பச்சையில் கூடுதலாக. இந்த நெபுலைசரை இனி யாரும் மருந்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சிவப்பு டேப் சுற்றி என் மேசையோடு கட்டிவிட்டேன்.

அப்புறம் ஒரு யோசனை. அதே ஈஸ்ட் கரைசலைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி ஓடவிட்டேன். செத்த ஈஸ்ட். எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே வந்தது, இம்மியளவு கூடவே இருந்தது. செல் செத்தாலும் உள்ளே இருக்கும் ஒளிரும் சரக்கு எங்கேயும் போய்விடுவதில்லை. திரையில் "உயிருள்ளது" என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வருகிறது பாருங்கள், அதை அன்றைக்கே மனதிலிருந்து அழித்துவிட்டேன். பெட்டிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ஊதா ஒளியில் மினுங்குகிறதா இல்லையா.

நம் வீட்டில் எதுதான் மினுங்காது?

பெட்டியை அம்மாவின் அறையில் இரண்டு வாரம் வைத்து, நிமிடத்துக்கு ஒரு பதிவாகக் கணினியில் இறக்கினேன். வரைபடத்தைப் பார்த்தால் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மலை மாதிரி ஒரு மேடு. அடுத்த வெள்ளியும் அதே நேரத்தில் அதே மேடு. சாம்பிராணி. புகையில் இருக்கும் கரிமப் பொருள்கள் பல ஊதாவில் ஒளிரும், அதனால்தான் இந்தோனேசியக் காட்டுப் புகை மூட்டம் வரும் மாதங்களில் இப்படிப்பட்ட கருவிகளை அப்படியே நம்ப முடியாது. சாம்பிராணித் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குக் கீழே, அளவை வைத்துப் பிரித்துவிடலாம். பகல் பதினொரு மணிக்கு வரும் குட்டி மேடுகள் புரியாமல் நான்கு நாள் மண்டை காய்ந்தது. அவை பச்சை சேனலில் மட்டும் கூரையைத் தொட்டன, நீலத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"பதினோரு மணிக்கு நான் மீனுக்கு மஞ்சள் தடவுவேன்ங்க. டப்பாவைத் தட்டித்தான் கொட்டுவேன்."

ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் பெட்டியின் வாய்க்கு ஒரு முழம் தள்ளி உதறிப் பார்த்தேன். பச்சை சேனல் முட்டி நின்றது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் ஊதாவை வாங்கிப் பச்சை மஞ்சளாக ஒளிர்வதில் கெட்டி, 405 அதற்கு விருந்து. சமையலறையிலிருந்து கூடத்தைத் தாண்டி அம்மாவின் அறைவரை அது மிதந்து வந்திருக்கிறது. 3 மைக்ரான் துகள் அசையாத காற்றில் விழும் வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஒரு ஆள் உயரம் இறங்கவே ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் ஆகும். அதனால் ஆச்சரியமில்லை. வெள்ளை வேட்டி மடித்தால் நீல சேனல் துள்ளும், சலவைத் தூளில் வெள்ளை பளிச்சென்று தெரியச் சேர்க்கும் பொருள் நூல் பிசிறோடு பறக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து, எது எந்த சேனலில் எந்த அளவில் வரும் என்று ஒரு நோட்டில் எழுதினேன். பம்பு, லென்ஸ், ஃபோம் எல்லாம் சேர்த்து மூன்று வாரம் என்றால், இந்த நோட்டு நிரம்ப ஒன்றரை மாதம் ஆனது.

எல்லாவற்றையும் கழித்தபின் ஒரு மேடு மிச்சம் இருந்தது. இரவு பத்து மணி, அம்மா ஏர்கோனை, அதாவது ஏசியைப் போட்டவுடன் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம். 2 முதல் 5 மைக்ரான், இரண்டு சேனலிலும், பச்சை கூடுதல். ஈஸ்ட் கையெழுத்தின் சாயல். மேடு சின்னதுதான், சாம்பிராணிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இதை உறுதிப்படுத்த பெட்டியால் முடியாது, முளைக்க வைத்துப் பார்த்தால்தான் உண்டு. மலேசியாவில் அலுவலகக் காற்றுக்கு 2010-ல் வந்த நடைமுறை விதியில்கூட பூஞ்சைக்கு ஒரு கன மீட்டருக்கு 1000, பாக்டீரியாவுக்கு 500 என்று வரம்பு சொல்லியிருப்பது முளைத்த கூட்டங்களின் கணக்கில்தான், ஒளிரும் துகள் கணக்கில் இல்லை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடவே முடியாது. ஆகவே பழைய வேலைக்குத் திரும்பினேன், அகார் தட்டு. அகார் அகார் நம் ஊரில் எந்த மளிகைக் கடையிலும் தொங்கும். 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த தண்ணீர், 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகார் அகார், மொத்தம் ஒரு லிட்டர். குக்கரில் இருபது நிமிடம் வைத்து எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றினேன். கடல்பாசி இனிப்பு என்று நினைத்து என் மகன் ஒரு கரண்டி போட்டுவிட்டதால் ஒரு தட்டு போச்சு. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ருசி இல்லை என்று திட்டினான்.

இரண்டு வேளை தட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, சாம்பிராணி போடும்போது, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மூன்று தட்டு, முப்பது நிமிடம் திறந்து. அதே இரவு பத்து மணிக்கு அம்மாவின் அறையில் ஏர்கோனுக்குக் கீழே மூன்று தட்டு, அதே முப்பது நிமிடம். மூடி, டேப் சுற்றி, ஃபிரிட்ஜ் மேல் பிஸ்கட் டின்னில் வைத்தேன். டின்மேல் மனைவி "சாப்பிடாதே" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டினாள். ஐந்தாம் நாள் பார்த்தால் பூஜை அலமாரித் தட்டுகளில் ஒன்றில் இரண்டு புள்ளி, ஒன்றில் ஒன்று, ஒன்றில் எதுவுமே இல்லை. பெட்டியின் கணக்குப்படி அதுதான் வீட்டிலேயே அதிகம் "உயிர்" பறந்த அரை மணிநேரம். ஏர்கோன் தட்டுகளில் பத்தொன்பது, பதினான்கு, பதினேழு. சாம்பல் பச்சையாகப் பொடிப்பொடியாகச் சில, ஆலிவ் கறுப்பில் வெல்வெட் மாதிரி நிறைய. மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டேன். முளைத்த தட்டை வீட்டில் திறப்பது மடத்தனம், பையோடு குளோராக்ஸ் பிளீச்சில் ஒரு நாள் ஊறப்போட்டுத்தான் தூக்கி எறிய வேண்டும்.

ஏர்கோன்காரரை வரவழைத்து கெமிக்கல் வாஷ் செய்யச் சொன்னேன். பிளோவரைக் கழற்றி வாளியில் போட்டதும் தண்ணீர் கோப்பி ஓ நிறத்துக்கு மாறியது. "ரெண்டு வருஷமா கழுவலையாண்ணே?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரத்துப் பதிவில் பத்து மணி மேடு இருந்த இடம் தெரியாமல் போனது, சோதனைக்கு வைத்த மூன்று தட்டிலும் சேர்த்து ஆறு புள்ளிதான். அம்மாவின் இருமல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் அதே வாரத்தில் டாக்டர் மருந்தையும் மாற்றியிருந்தார், அதனால் அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இனி செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. அரித்த தடம் இருக்கும் அந்த லென்ஸுக்கு மாற்று தேட வேண்டும். மைலோ டின்னின் மூடி ஓரத்தில் துரு வர ஆரம்பித்திருக்கிறது. லென்ஸில் மறுபடி பூஞ்சை ஓடாமல் இருக்கப் பெட்டிக்குள் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு வைத்தேன், ஈரம் குடித்துவிட்டால் அது பச்சையாகும். நேற்று திறந்து பார்த்தேன், இரண்டும் பச்சை. ஓவனில் 120 டிகிரியில் வைத்து வறுத்துக்கொண்டிருக்கிறேன்.